வெறும் வயிற்றுக்கும் இட்லிக்கும் நடுவே

ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் ஓர் ஓட்டம் நடக்கிறது. சுமார் 170 கிலோமீட்டர், மூன்று நாடுகள், 10,000 மீட்டர் ஏற்றம். முடிக்க 46 மணி 30 நிமிடம் தருகிறார்கள். தாராள மனசுக்காரர்கள். மருதமலை அடிவாரத்து மண் பாதையில் ஓட ஆசைப்படும் வடவள்ளிக் குடும்பஸ்தருக்குக் கிடைப்பது இரண்டே மணி நேரம். அதுவும் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால்தான்.

வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இந்த இடைவெளியை வகுத்த புண்ணியவானுக்கு ஓட்டக்காரர்கள் சிலை வைக்கலாம். அத்தையை இட்லிப் பொட்டலத்தோடு லேபில் உட்கார வைத்துவிட்டு, காரிலேயே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பலாம். விடியற்காலையில் ஓடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தப் பக்கம் யானை வருவது தெரியாது. யானைக்கும் குடும்பத்துக்கும் போக மிச்சம் உள்ள நேரம் இதுதான்.

முதல் ஏற்றத்திலேயே போன் அடிக்கும். “ஏனுங்க, சும்மாதானே இருக்கீங்க? வரும்போது அப்படியே பாப்பா யூனிஃபார்மை டெய்லர்கிட்ட வாங்கிட்டு வந்துருங்க. மாவு மில்லும் பக்கந்தான்.”

மூச்சு வாங்கிக்கொண்டே “சரி” என்பார். முதுகுப்பையில் தண்ணீருக்குப் பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டு ஏறும். ராத்திரி கடிகாரத்தில் அன்றைய மொத்த ஏற்றத்தைப் பெருமையாகக் காட்டுவார். லிஃப்ட் வேலை செய்யாத லேபின் மூன்று மாடியும் அதில் சேர்த்தி.