சக்குக்குள் நுழையாத சொந்தம்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் லேத் வாங்குகிறார் என்றால் பட்டறை போடப்போகிறார் என்று அர்த்தம். பட்டறையும் போடாமல், பலகையும் மாட்டாமல், வீட்டுக் கார் ஷெட்டில் சும்மா வைத்துக் கடைந்துகொண்டிருப்பதற்காகவே லேத் வாங்கும் ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இதை உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு விளக்குவதைவிட ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துவது சுலபம். அந்த வேலையைப் பார்த்து ரிட்டையர் ஆனவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆசை ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு நீராவி இன்ஜின் செய்ய வேண்டும். பித்தளை சிலிண்டர், வார்ப்பிரும்பு ஃப்ளைவீல், எல்லாம் என் கையால் கடைந்தது.

"அதை வச்சு என்ன சார் ஓடும்?" என்று கேட்டார் எதிர்வீட்டு டிராக்டர்காரர்.

"வேற ஒண்ணும் ஓடாது. அதுதான் ஓடும்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "ரிட்டையர் ஆனதுல இருந்தே மரை கழண்டிருச்சுண்ணே" என்றாள் அவள். அதற்குத்தான் லேத் வாங்குகிறேன், கழண்டால் புதுசாக வெட்டிக்கொள்ளலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் டர்னர். லேத் என்று வாயெடுத்ததுமே, "மாமா, வாங்குனா எச்.எம்.டி. வாங்குங்க, உங்க பேரன் வரைக்கும் ஓடும்" என்றான். எங்கள் பக்கம் எச்.எம்.டி. என்றால் கல்யாணத்துக்கு மாமனார் கட்டிவிட்ட வாட்ச். ஆனால் 1953-ல் பெங்களூரில் அந்தக் கம்பெனி தொடங்கியதே மெஷின் செய்வதற்குத்தான். சுவிட்சர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து முதலில் லேத்தைச் செய்தார்கள், வாட்ச் 1961-ல்தான் வந்தது. மாப்பிள்ளை சொன்ன மாடல் டன்னுக்கு மேல் எடை. எங்கள் கார் ஷெட்டுக்குக் கீழே செப்டிக் டேங்க். லேத் எங்கே போய் உட்காரும் என்பதை வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் யோசித்ததால் அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

அடுத்தது நாலரை அடி லேத். நம் ஊர்ப் பட்டறைகளில் பார்க்கிற சைஸ். பெட்டின் நீளம்தான் நாலரை அடி. வேலையைப் பிடிக்கிற இடைவெளி அதில் பாதி இருக்கும். எடை அரை டன் பக்கம். கோவையில் பழைய மெஷின் விற்கும் ஒரு ஷெட்டுக்கு மாப்பிள்ளை கூட்டிப்போனான். பச்சைப் பெயிண்ட் அடித்து, கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள்.

"பெயிண்டைப் பாக்காதீங்க மாமா, பெட்டைத் தடவிப் பாருங்க."

தடவினேன். மறுமுனையில் டெயில்ஸ்டாக் பக்கம் விரல் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. வேலையைப் பிடித்துச் சுற்றுகிற சக்குக்குக் கிட்டே வந்ததும் ஒரு சின்ன மேடு நகத்தைத் தட்டியது. எந்த லேத்திலும் பாதிக்கு மேல் வேலை சக்குக்கு முன்னால் இருக்கிற ஒரு சாண் இடத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. டூலைச் சுமக்கிற சேடில் அங்கேயே போய்ப்போய் வருவதால் அந்த இடம் மட்டும் தேய்கிறது. அங்கே லூஸ் இல்லாமல் டைட் வைத்தால், டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சேடில் இறுகி நின்றுவிடும். பிறகு கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பச் சொன்னான். திருப்பினேன், டூல் நகரவில்லை. இன்னும் திருப்பினேன். கால் சுற்று போன பிறகுதான் அசைந்தது. இதன் பெயர் பேக்லாஷ். கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை, ஒரே திசையில் திருப்பிக் கொண்டுவந்து சமாளிக்கலாம். கால் சுற்று என்பது கொஞ்சமில்லை.

அளவு விஷயத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களை யாரும் ஏமாற்ற முடியாது. பெரியாறு அணையில் 136 அடியா 142 அடியா என்று ஆறடித் தண்ணீருக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2014-ல் 142 என்று வாங்கி வந்தவர்கள் நாங்கள். ரயில் கதை மட்டும் வேறு. 1,000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தை 1,676 ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில், 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. 676 மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். என் இன்ஜின் எப்போது முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

நாலரை அடியில் கரன்ட் பிரச்சினையும் உண்டு. பழைய மெஷினில் பெரும்பாலும் மூணு ஃபேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ். சித்தப்பா மகன் உடனே வழி சொன்னான்: "தோட்டத்து மோட்டார் ரூம்ல மூணு ஃபேஸ் ஃப்ரீயா வருதுல்லண்ணே, அங்க கொண்டாந்து வச்சிரு." விவசாயத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் நான் நீராவி இன்ஜின் கடைந்தால், அபராதத்தை ஆவியிலா கட்டுவது? சிங்கிள் ஃபேஸைக் கொடுத்தால் மூணு ஃபேஸாக மாற்றித் தருகிற வி.எஃப்.டி. டப்பா இருக்கிறது, இரண்டு குதிரைசக்தி மோட்டாருக்கு அது போதும். ஆகவே கரன்ட்டைச் சாக்குச் சொல்லி நாலரை அடியைத் தள்ள முடியாது.

தள்ளியதற்கு உண்மையான காரணம் ஜூன் மாதம்.

அணையில் தண்ணீர் இருந்தால் ஜூனில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். 14,707 ஏக்கர் இருபோக வயலிலும் ஒரே நேரத்தில் டிராக்டர் இறங்கும். அந்த வாரம் கம்பத்திலோ சின்னமனூரிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் நின்று பாருங்கள். கேஜ் வீல் புஷ், ரோட்டவேட்டர் சாஃப்ட், மோட்டார் ஸ்லீவ், சேறு காயாத இன்னும் பல சாமான்கள் வரிசையில் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "வண்டி வயல்ல நிக்குதுண்ணே" என்று ஒருவர். கண்ணை மூடி அந்த வரிசையை என் வீட்டு வாசலுக்கு மாற்றிப் பார்த்தேன். கூடலூர் மாமாவின் போர் மோட்டார், வண்டன்மேட்டு மச்சானின் ஏலக்காய் ஸ்டோர் ஃபேன் சாஃப்ட், சித்தப்பா மகனின் கரும்பு ஆலை ரோலர். ஒருவரிடமும் காசு கேட்க முடியாது. இல்லை என்று சொன்னால் அடுத்த காதுகுத்துக்குப் பத்திரிகை வராது.

லேத் வாங்குகிறவர்கள் சுவிங் எவ்வளவு, பெட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது ஸ்பிண்டில் ஓட்டை, நீளமான சாஃப்ட் நுழைகிற இடம். மேசைமேல் வைக்கிற மினி லேத்தில் அந்த ஓட்டை 20 மில்லிமீட்டர். மேலே ஏழு அங்குல விட்டம் சுற்றும், நீளத்தில் பதினாலு அங்குலம் பிடிக்கும், எடை நாற்பது கிலோ சொச்சம், வீட்டுக் கரன்ட்டிலேயே ஓடும். என் இன்ஜினுக்கு இது தாராளம், இதையே வாங்கினேன். எங்கள் சொந்தக்காரர்கள் எவருடைய சாஃப்டும் இதில் நுழையாது. செய்ய முடியாது என்றால் மனுஷனுக்குக் கோபம் வரும். நுழையாது என்றால் அவரே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, நுழையாதுதான்" என்று வருத்தத்தோடு போய்விடுவார்.

சின்ன மெஷினுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரும்பில் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் உடம்பெல்லாம் நடுங்கி வேலைமேல் வரிவரியாகக் கோடு போடுகிறது. பெட்டியைப் பிரித்ததும் ஸ்லைடுகளைக் கழற்றி, பிசிறு தட்டி, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினால்தான் ஒழுங்காக நகரும். மெஷினோடு செலவு முடிந்தது என்று நினைத்தால் நாலு ஜா சக்கு, டிரில் சக்கு, மிராண்டா டூல் பிட், அதைத் தீட்ட கிரைண்டர், டயல் கேஜ் என்று இன்னொரு மெஷின் விலை போய்விடும். மாப்பிள்ளை ஃபோனில் சொன்ன ஒரே பாதுகாப்பு விதி: "வேட்டியோட, துண்டோட கிட்டப் போகாதீங்க மாமா." பேன்ட் போட்டுக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போகிற என்னைப் பார்த்து, மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று தெருவில் பேச்சு.

சிலிண்டரை லேத் கடைந்துவிடும். அது உட்கார்கிற தட்டையான அடிப்பாகத்துக்கு மில்லிங் வேண்டும். வீட்டுக்கு முதலில் லேத், பிறகு மில்லிங் என்று உலகமே சொல்வது சரிதான். லேத்தின் கிராஸ் ஸ்லைடில் வெர்ட்டிகல் ஸ்லைடு மாட்டி, கட்டரைச் சக்கில் பிடித்து, பொறுமை இருந்தால் சின்ன மில்லிங் வேலையை ஓட்டலாம். மில்லிங் மெஷினில் லேத் வேலையை ஓட்டுவது அதைவிடப் பெரும்பாடு. அந்தப் பொறுமை எனக்குத் தீர்ந்து, மேசைமேல் வைக்கிற ஒரு மில்லிங்குக்கு விலை விசாரிக்க ஆரம்பித்தேன். ரகசியமாகத்தான். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் லேத் இருக்கும், வெல்டிங் இருக்கும், கொடுத்துவைத்த பட்டறையில் ஒரு ஷேப்பர் இருக்கும். மில்லிங் அபூர்வம். சாஃப்டில் கீவே என்கிற நீளக் காடி வெட்ட தேனிவரை போகிறவர்கள் உண்டு. என் வீட்டில் மில்லிங் இருக்கிறது என்ற பேச்சு சுருளிப்பட்டியைத் தாண்டினால் நான் தொலைந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். மகளைக் கொடுத்த இடம். கூடலூரிலிருந்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. பெட்டியோடு செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம்.

"மில்லிங் வாங்குறீகளாம்ல சம்மந்தி? மாப்ள சொன்னாப்ல."

பொட்டலத்தைப் பிரித்தார். மோட்டார் சாஃப்ட். வெர்னியரை எடுத்து வந்து விட்டத்தைப் பார்த்தேன்: 25. நிம்மதியாக வாயைத் திறந்தேன்.

"நுழைய வேணாம் சம்மந்தி. மில்லிங்ல மேசை மேல படுக்க வச்சாப் போதுமாம்ல, பட்டறைல கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒரு கீவேதான். அவசரமே இல்ல, மெஷின் வந்ததும் போட்டுக் குடுங்க."

"அதுக்கென்னண்ணே, செஞ்சு குடுத்துருவாரு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அந்த மெஷினை இந்த வாரமே சொல்லிருங்க. காபிக்குச் சீனி போடவாண்ணே?"