மணப்பாறை மாமாவுக்கு, மான்ட்ரியாலிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, வீட்டுக்குள்ளயும் மங்கி குல்லாவா?" என்று கேட்டிருந்தீர்கள். அது வீடு இல்லை மாமா, ஐஸ் ஹாக்கி அரங்கம். வெளியே மைனஸ் இருபது டிகிரி. அது போதாதென்று உள்ளே கரண்ட் பில் கட்டித் தரையைத் தனியாக உறைய வைத்திருக்கிறார்கள்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் மேல்வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டிய கியூபெக்காரர். இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்து அணிகளுக்குச் சொல்லும் ஸ்கவுட் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றும் நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. ராத்திரியில் கண் சரியாகத் தெரியாததால் கார் ஓட்ட நான். கூலி ஒரு காப்பி, கூடவே ஓயாத பாடம்.

அவர் வேலை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. சந்தையில் நீங்கள் காளை பார்ப்பதுதான். இங்கே பதினேழு வயதுப் பையன்கள். வருஷா வருஷம் ஜூன் கடைசி வாக்கில் டிராஃப்ட் நடக்கும். என்.எச்.எல். என்கிற ஹாக்கி லீக்கின் 32 அணிகளும் ஏழு சுற்று ஆள் எடுக்கும். போன பருவத்தில் அதிகம் தோற்றவர்களுக்கு முன்வரிசை. அதிலும் ஒரு குலுக்கல் உண்டு. டிராஃப்டுக்குக் கொஞ்ச நாள் முன்பு பஃபலோ நகரத்தில் பையன்களை வரவழைத்து உயரம், எடை பார்ப்பார்கள், எம்பிக் குதிக்க விடுவார்கள், சைக்கிளை மிதிக்க விட்டு வாந்தி வரும் வரை வதைப்பார்கள். ஐஸில் மட்டும் ஒரு அடி வைக்கச் சொல்வதில்லை! ஏரில் பூட்டாமலே நீங்கள் காளை வாங்குவீர்களா? இங்கே இன்னொரு கூத்து, ஒவ்வொரு அணியும் பையனை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறது. மணப்பாறையில் அந்தத் தொல்லை இல்லை. மாடு தன் குணத்தைத் தானே வர்ணிப்பதில்லை.

டிஃபென்ஸ் ஆடுகிறவனை எடை போடுவதுதான் கஷ்டம் என்பார் மேல்வீட்டுக்காரர். முன்னால் ஆடுகிறவன் கோல் போடுவான், எண்ணிவிடலாம். தடுக்கிறவன் நன்றாக ஆடினால் ஒன்றுமே நடக்காது. அந்த 'ஒன்றும் நடக்காததை'ப் பார்க்கத்தான் நாங்கள் எண்பது கிலோமீட்டர் போகிறோம்.

பந்துக்குப் பதிலாக இங்கே 'பக்' என்ற ரப்பர் வட்டு. அவர் அதைப் பார்ப்பதே இல்லை. எதிரணி அதை மூலைக்கு அடித்துவிடும். நம் பையன் எடுக்கப் போவான். முதுகுக்குப் பின்னால் தொண்ணூறு கிலோ ஆள் ஒருவன் துரத்தி வருவான். பக்கைத் தொடுவதற்குள் பையன் தோளுக்கு மேல் எத்தனை தரம் திரும்பிப் பார்த்தான் என்பதுதான் இவர் கணக்கு. இரண்டு தரம் பார்த்தவனுக்கு அடுத்த பாஸ் யாருக்கு என்று முன்பே தெரிந்திருக்கும். ஒரு தரமும் பார்க்காதவன் பக்கோடு சேர்ந்து சுவரில் அப்பிக்கொள்வான். பிறகு, பின்பக்கமாகச் சறுக்குவது. எதிராளி பாய்ந்து வரும்போது முகத்தை அவனுக்குக் காட்டியபடியே பின்வாங்க வேண்டும். இடைவெளி கூடினால் அவன் நிதானமாகக் குறி பார்த்து அடிப்பான். குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவான். தப்புச் செய்துவிட்டு பெஞ்சுக்கு வந்த பையன் யார் முகத்தைப் பார்க்கிறான் என்பதைக்கூடக் குறித்துக்கொள்கிறார். வலக்கைப் பக்கம் மட்டை பிடிக்கிறவன் கிடைப்பது அரிது என்பதால் அவனுக்கு விலை கூடுதல்.

இத்தனையும் பார்த்து முடித்ததும் கண் நேரே காலரிக்குப் போகும். பையனின் அப்பா எவ்வளவு உயரம், அம்மா எவ்வளவு உயரம்? கடைசியில் எல்லாம் உயரத்தில்தான் வந்து நிற்கிறது.

லேன் ஹட்சன் கதையும் இதுதான். அமெரிக்கப் பையன், டிஃபென்ஸ் ஆடுகிறவன். உயரம் ஐந்தடி எட்டு அங்குலமும் கொசுறும். ஐஸில் போட்ட நீலக் கோட்டோரம் இவன் தோளை ஒரு பக்கம் அசைப்பான், கால் வேறு பக்கம் போகும், தடுக்க வந்தவன் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்பான். ஆனால் கோலுக்கு முன்னால் தள்ளுமுள்ளு என்றால் இவனை ஒதுக்கித் தள்ளிவிடுவார்களே என்று ஸ்கவுட்டுகளுக்குக் கவலை. பையன் என்ன செய்தான் தெரியுமா? எலும்பு வயது குறைவு, இன்னும் வளர்வான் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிப் போய் அணிகளிடம் காட்டினான். 2022 ஜூலையில் டிராஃப்ட் நடந்தது இதே மான்ட்ரியாலில். முதல் தேர்வும் மான்ட்ரியால் அணிக்குத்தான். ஆறடி மூன்று அங்குல ஸ்லோவாக்கியப் பையன் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தார்கள். பிறகு 26-ஆவதாக ஒருவன், 33-ஆவதாக ஒருவன். ஹட்சனைக் கூப்பிட்டது 62-ஆவதாக.

2024-25-இல் அவன் முதல் முழுப் பருவம். 82 ஆட்டம், 66 புள்ளி. அதில் 60 அசிஸ்ட், அதாவது அடுத்தவன் கோல் போடக் கொடுத்த பாஸ். புது டிஃபென்ஸ்காரர்களில் 1980-81 முதல் லாரி மர்ஃபி வைத்திருந்த சாதனைக்குச் சமம். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் வந்தது. இப்போது இந்த ஊரில் முடி வெட்டுகிறவரிலிருந்து பஸ் டிரைவர் வரை எல்லோரும் அப்போதே சொன்னவர்கள்தான். 1993-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைக் காணாத ஊர், இந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும்.

மேல்வீட்டுக்காரர் மட்டும் தன் பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. கடைசி வரி: "சிறியவன். மூன்றாம் சுற்று வரை மிஞ்சினால் யோசிக்கலாம்." ஏன் இப்படி என்றேன். "நெட்டைப் பையன் தேறாவிட்டால் அவன்மேல் பழி. குட்டைப் பையன் தேறாவிட்டால் எழுதிக் கொடுத்தவன்மேல் பழி" என்றார். நெட்டையாக இருந்தாலும் இவர்கள் விட்டுவிடவில்லை மாமா. ஆறடி ஒன்பது அங்குல ஸ்டேனோ சாராவை 1996-இல் 56-ஆவதாகத்தான் எடுத்தார்கள். பிற்காலத்தில் ஏழு முறை சிறந்த டிஃபென்ஸ்காரராக நோரிஸ் கோப்பை வாங்கிய லிட்ஸ்ட்ரோம் 1989-இல் 53-ஆவது. உயரம் அளக்கும் டேப்பைக் கீழே வைக்க இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. ஹட்சனின் தம்பி கோல் ஹட்சனும் சின்ன உருவ டிஃபென்ஸ்காரன்தான். 2024-இல் அவனை வாஷிங்டன் 43-ஆவதாக எடுத்தது. அண்ணன் புண்ணியத்தில் பத்தொன்பது இடம் முன்னேற்றம்.

போன வாரம் சின்னவனுக்கு ஸ்கேட்ஸ் வாங்கலாமா என்று மேல்வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். பையனை நடக்கவிட்டுப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். காப்பி கொண்டுவந்த என் மனைவியை மேலும் கீழுமாகப் பார்த்தார். "செஸ் கற்றுக்கொடுங்கள்" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை