அரைப்பேர்

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். ரத்தோட்டைக்கு மேலே ஏதோ ஒரு மலை. டவுனிலிருந்து வந்திருந்த கனவான் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா சும்மா வகுப்பேற்றி விடுவதால்தான் பிள்ளைகள் படிக்கிறதில்லை. பெயிலானதுகளை அதே வகுப்பில் இருத்த வேணும்."

கைதட்டல். முன் கதிரைகளில் மட்டும்.

சொன்னதில் பாதி மெய்தான். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் வருஷாவருஷம் ஏறி 11ஆம் தரத்துக்கு வந்து, சாதாரண தரப் பரீட்சையில் தடுக்கி விழுகிறது. 35 புள்ளி இல்லையா, 'டபிள்யூ'. பதினொரு வருஷம் பொறுத்திருந்து ஒரேயடியாகப் பெயிலாக்கும் பெருந்தன்மை வேறெங்கே கிடைக்கும்!

அதற்கு வைத்தியம், வருஷாவருஷம் பெயிலாக்குவதாம்.

தோட்டத்துக்கு இந்த நீதி பழகியதுதான். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழை பெய்ததா, அட்டை கடித்ததா, செடி கிழடா என்றெல்லாம் தராசு கேட்காது. ஆனாலும் எந்தக் கங்காணியும் செடி நடாத மலைக்குக் கொழுந்தெடுக்க ஆள் அனுப்பியதில்லை. கல்விக்காரர்கள் அனுப்புகிறார்கள். நடாதவனைக் கேட்க வக்கில்லை. வெறுங்கூடையோடு நிற்கும் பிள்ளையிடம் தராசைக் காட்டுகிறார்கள். வெட்கங்கெட்ட நிறுவை.

அக்கா மகளின் கணிதக் கொப்பியைப் புரட்டினேன். மேலே திகதி, நடுவே 'கணிதம்', அடியில் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தில் வேறு திகதி, அதே கணிதம், அதே இரண்டு கோடு. ஒரு தவணை முழுக்க இப்படித்தான். அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறாள், இம்மியும் கோணவில்லை. தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கு நேரே "முயற்சி போதாது". கையொப்பம் சித்திர டீச்சருடையது.

1945இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு நாடு வகுப்பேறியபோது, தோட்டப் பள்ளிகளைத் துரைமாரிடமே விட்டுவைத்தார்கள். அரசாங்கம் பொறுப்பெடுக்க எழுபதுகள் ஆயிற்று. பரீட்சையே எழுதாமல் ஒரு சனம் முழுக்க அதே வகுப்பில் குந்தியிருந்தது. பிறகு 2015 வாக்கில் மலையகப் பள்ளிகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைப் பிடித்துப் போட்டபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. வாத்தியாருக்கும் அரைப்பேர்!

இரண்டு தடவை இருத்தினால் பிள்ளைக்கு ஒன்பதாம் தரத்திலேயே பதினாறு வயசாகிவிடும். கட்டாயக் கல்வியும் அந்த வயசோடு சரி. பிறகென்ன, விடிய பஸ் ஏறினால் கொழும்பில் ஏதாவது ஒரு கடை. பெயில் வீதமும் தானாகக் குறையும். கனவான் கெட்டிக்காரர்.

பின்வரிசையில், மலையிலிருந்து நேரே வந்து இடுப்பில் கட்டிய படங்குகூட அவிழ்க்காமல் நின்ற ஒரு தாய் கையைத் தூக்கினாள்.

"ஐயா, கணக்கு வாத்தியார் வந்ததுக்கப்புறம் பெயிலாக்குவீங்களா, வர்றதுக்கு முந்தியேவா?"

கனவான் மணிக்கூட்டைப் பார்த்தார். பிளேன்டீ வந்தது. கூட்டறிக்கையில் எழுதினார்கள்: 'பெற்றோர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.'