மோட்டார்ஹோம் ஆனிங்: தோற்றமும் வளர்ச்சியும் சுருட்டலும்

முன்னுரை

வீடாகவே அமைந்த மோட்டார்ஹோம் வண்டியின் விலாவில் சுருண்டு கிடந்து, பொத்தானை அமுக்கியதும் கைநீட்டி எழுந்து நிழல் தரும் துணிக்கூரைக்கு ஆனிங் என்று பெயர். பொத்தானின் ஒரு பக்கத்தை அமுக்கினால் விரியும், மறுபக்கத்தை அமுக்கினால் சுருளும். கட்டுரை இத்துடன் முடிந்துவிடும் அபாயம் இருப்பதால் முறையான ஆய்வுநெறியைக் கைக்கொள்ள வேண்டியதாகிறது.

ஆய்வு நோக்கம்: இத்துறையை இதுவரை எவரும் ஆராயவில்லை என்று நிறுவுதல்.

ஆய்வு எல்லை: அமெரிக்க வண்டியின் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. அது வேறொருவர் முனைவர் பட்டத்துக்கு உரியது.

ஆய்வுக் களம்: அரிசோனாவின் குவார்ட்சைட். வடக்கத்திக் குளிருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓய்வூதியக்காரர்கள் வண்டியோடு வந்து இறங்கும் பாலைவன ஊர். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பொட்டல்வெளியில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை அனுமதிச் சீட்டு தருகிறது.

முதன்மை ஆதாரம்: வண்டியோடு வந்த கையேடு. துணைமை ஆதாரம்: பக்கத்து வண்டிக்காரர்.

வரலாற்றுப் பின்புலம்

எதை ஆராய்ந்தாலும் ரோமிலிருந்து தொடங்குவதே மரபு. நல்லவேளை, இங்கே உண்மையிலேயே ரோம் இருக்கிறது. கொலோசியத்தில் கூட்டத்துக்கு வெயில் படாமலிருக்க வெலாரியம் என்ற பெருந்துணியை இழுத்துக் கட்டினார்கள். அதன் கம்பங்களைத் தாங்க உச்சி விளிம்பில் 240 கல் தாங்கிகள் இருந்தன. கட்டியவர்கள் மிசேனம் கடற்படைத் தளத்து மாலுமிகள். பொம்பெய் நகரத்துச் சுவர் விளம்பரங்களும் வித்தைக்கு வருவோருக்கு நிழல்துணி உண்டு என்று மறக்காமல் அறிவித்தன. கொலோசியத் துணியை எப்படித்தான் விரித்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்றளவும் ஒத்த கருத்து இல்லை. மாலுமிகளிடையே இருந்திருக்கும். அவர்களுக்குக் கட்டுரை எழுத நேரமில்லை.

உறுப்பியல்

உருளை: துணி சுற்றியிருப்பது. மோட்டார்: 12 வோல்ட். கைகள்: இரண்டு. துணி: வினைல் அல்லது அக்ரிலிக். நிறம்: வெளுக்கும். எல்.இ.டி. விளக்கு: பூச்சி வரும்.

இயக்கவியல்

மேலே கிளையும் கீழே ஆளும் இல்லையென்று பார்த்துவிட்டு அமுக்க வேண்டும். விரல் எடுத்தால் நின்றுவிடும். துணி முழுக்க விரிந்தபின் விரலை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால், சில வண்டிகளில் உருளை சுழன்றுகொண்டே போய், அதே துணியைத் தலைகீழாகத் தன்மேல் சுற்றிக்கொள்ளத் தொடங்கும். விஷயம் தீர்ந்தபிறகும் நிறுத்தத் தெரியாமல் சொன்னதையே திருப்பிச் சுற்றும் இந்நிகழ்வு, ஆய்வேடுகளில் நான்காம் இயலிலிருந்து காணக்கிடைக்கிறது.

விரித்தபடியே வண்டியை எடுத்தல்: பல வண்டிகளில் இதைத் தடுக்கும் பூட்டு உண்டு. பூட்டில்லாத இடத்தில் மரம் தடுக்கும்.

வால்மார்ட் கடை வாகன நிறுத்தத்தில் இரவு தங்குவோர் விரித்தல்: நாகரிகமன்று.

காற்றியல்

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றை வகைப்படுத்தியபோது, கப்பல் எவ்வளவு பாய் தாங்கும் என்பதையே அளவாகக் கொண்டார். ஆனிங்கும் பாய்தான். கப்பலுக்குப் பதில் சமையலறையோடு கூடிய வண்டியில் கட்டியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. அந்த அளவுகோலில் ஐந்தாம் நிலை மணிக்கு 19 முதல் 24 மைல் வரை. இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கும். ஆனிங்கைச் சுருட்டிவிட வேண்டிய கட்டமும் ஏறக்குறைய இதுவே. 20 மைல் காற்று நேராக மோதினால் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ அழுத்தம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 18 அடிக்கு 8 அடி ஆனிங் என்றால் பரப்பு 13 சதுர மீட்டருக்கு மேல். பெருக்கிப் பார்ப்பதற்குள் சுருட்டிவிடலாம்.

பாலைவனத்தில் இலையடர்ந்த சிறு மரம் அரிது என்பதே இங்குள்ள ஆய்வுச் சிக்கல். சவாரோ கள்ளி உண்டு. அது எதற்கும் அசையாது. கள்ளி ஆடவில்லை, ஆகவே காற்றில்லை என்ற முடிவுக்கு ஒருவர் வந்தார் (பக்கத்து வண்டிக்காரர், வாய்மொழி, காபிக்கு முன்). அந்த ஒருவர் தாமே என்பதைப் பின்னர் ஒப்புக்கொண்டார் (அதே ஆள், காபிக்குப் பின், திருத்திய பதிப்பு).

காற்று உணர்வி இருக்கிறதே எனலாம். பல வண்டிகளில் அது காற்றை அளப்பதில்லை, ஆனிங் குலுங்குவதை உணர்ந்த பிறகே மோட்டாரை எழுப்புகிறது. ஒரு சம்பவம் நடந்து முடிந்தபின் அதை முன்கூட்டியே கணித்ததாக எழுதும் திறனாய்வாளருக்கு இது நெருங்கிய உறவு. தெளிந்த வானத்தில், வெயில் ஏறிய உச்சிப்பொழுதில், தரை கொதித்து எழும்பும் புழுதிச் சுழல், அந்த உணர்வி குலுங்கலை உணரும்வரை காத்திருக்காது.

மழையியல்

இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. மழை வந்தால் ஒரு முனையைத் தாழ்த்துக என்று கையேடு விதிக்கிறது. எந்த முனை என்று சொல்லவில்லை. மூலம் மௌனம் சாதிக்கும் இடத்தில்தானே உரையாசிரியர் பிறக்கிறார்.

முன்முனையையே தாழ்த்த வேண்டும் என்பார் ஒரு சாரார் (பக்கத்து வண்டிக்காரர், ஏணிமேல் நின்றபடி). பின்முனையே ஆன்றோர் வழக்கு என்பார் மறுசாரார் (அவர் மைத்துனர், ஏணியைப் பிடித்தபடி). மூலத்தில் ஒரு முனை என்றிருப்பது ஏடெழுதியோர் பிழை, இரு முனை என்பதே சுத்தபாடம், இரண்டையும் தாழ்த்தலாம் என்று நடுநிலை காண்பார் மூன்றாமவர் (எதிர்வண்டிக்காரர், குடைக்குள்ளிருந்து, பாதி காதில் விழவில்லை, விழாத பாதியை மைத்துனர் தம் கட்சிக்குச் சான்றாகக் கொண்டதும், அதற்குப் பக்கத்து வண்டிக்காரர் ஏணியிலிருந்து இறங்காமலே மறுப்பெழுதியதும் தனி நூலாக விரியத்தக்கன).

பாலைவனத்தில் மழை அரிது. அதனாலேயே வந்தபோது எவரும் ஆயத்தமாக இல்லை. துணியின் நடுவே ஒரு குழி விழுந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் 10 கிலோ. இரண்டு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் நின்றால் 100 கிலோ. வாதம் மூன்றாம் சுற்றை எட்டியபோது துணியின் தொப்பை கீழேயிருந்த நாற்காலியின் முதுகைத் தொட்டது. உருளை நடுவில் லேசாக வளைந்தது. இக்காட்சியை மூவரும் கண்டனர். மூவருமே அதைத் தத்தம் கொள்கைக்கு ஆதாரமாகக் குறித்துக்கொண்டனர்.

அப்போது பக்கத்து வண்டிக்காரரின் மனைவி வெளியே வந்தார். கதவு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்தைத் தாழ்த்தினால் ஏறும்போது தலையில் தண்ணீர் விழாது என்றார். துடைப்பத்தின் கட்டையால் தொப்பையை ஓரமாக நெம்பினார். திருகைத் தளர்த்தி ஒரு கையை இறக்கினார். நீர் முழுதும் மைத்துனர் செருப்பில் இறங்கியது. மேற்படி அம்மையார் எந்த நூலையும் மேற்கோள் காட்டாததால் அவர் கருத்தை இவ்வாய்வு ஏற்க இயலவில்லை.

சில ஆனிங்குகளில் நீர் கனத்ததும் ஒரு முனை தானே தாழ்ந்து கொட்டிவிட்டு நிமிர்கிறது. அறிஞர் உதவியின்றி இது நடப்பது கவலைக்குரியது.

பராமரிப்பியல்

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ், இவை போதும். பெட்ரோலிய வகைத் திரவங்கள் வினைலைக் கெடுக்கும். மேற்புறம் கைக்கு எட்டாது. அதற்கு ஒரு வழி: அடிப்புறத்தில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தேய்த்துச் சுருட்டி, ஐந்து நிமிடம் விட்டால், சுருளுக்குள் அடிப்புறம் மேற்புறத்தோடு ஒட்டி இரண்டும் நனையும். பிறகு விரித்துக் கழுவிக் காயவிடலாம். பூஞ்சை வினைலைத் தின்பதில்லை, அதன்மேல் படிந்த அழுக்கைத் தின்கிறது. ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், மழை விட்டதும் விரித்துக் காயப்போட வேண்டும். மூட்டுகளுக்கு உலர் சிலிக்கன் ஸ்ப்ரே அடிக்கலாம். கிரீஸ் வேண்டாம். அதில் மணல் ஒட்டி மூட்டையே அரைத்துவிடும்.

முடிவுரை

விரிப்பது குறித்து ஆதாரங்கள் மலைபோல் குவிந்துள்ளன. ஆனால் கெட்டுப்போன ஆனிங் பெரும்பாலும் சுருட்டாததால் கெட்டது. கடைக்குப் போகுமுன், படுக்கப் போகுமுன், வானத்தை நம்பி உள்ளே தூங்கப் போகுமுன் சுருட்டிவிட வேண்டும் என்பதே கண்டறியப்பட்ட ஒரே உண்மை. பொருள் பற்றாக்குறையால் இதை விரித்துரைக்க முடியவில்லை. மேலாய்வுக்காகக் கருத்தரங்கம் கூட்டுவோர் மண்டபத்துக்குள் கூட்டுவது நலம். ஆனிங்கின் அடியில் கூட்டினால், காற்று கிளம்பும் நேரத்தில் எவரோ ஒருவர் தலைமையுரை ஆற்றிக்கொண்டிருப்பார். பொத்தானை அமுக்க யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.