வயிற்றுவலி என்று சொன்னோம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கும் அடுத்த வீட்டுத் தறிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நாடா ஓடும் சத்தத்தை வைத்தே அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டு அண்ணனின் கை சீரானது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவரிடம் கோர்வைக்குப் போவேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும் சேலைக்கு ஒரு ஆள் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வேலையைச் செய்தது தப்புதான். ஆனால் ஒரு மனிதருக்கு அவ்வளவு பக்கத்தில், தினமும் மூன்று மணி நேரம், அதற்குப் பிறகு நான் உட்கார்ந்ததே இல்லை.

1987 ஐப்பசி. மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. பாவு நனைந்து மூன்று வாரம் வேலை ஓடவில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியவில்லை. மழை விட்ட பிறகும் அண்ணனின் தறி பழையபடி ஓடவில்லை. நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். ராத்திரி தூங்குவதில்லை என்று அவர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அண்ணன் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

“எதுக்குடா தம்பி இதெல்லாம்?”

சேலையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “கல்யாணச் சேலைதானேண்ணே” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தெருவுக்குத் தெரியாமல் இல்லை. காத்துக் கருப்பு என்றார்கள். சோளிங்கருக்குக் கூட்டிப்போய்த் தக்கான் குளத்தில் முழுக வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த மருந்து அதுதான். பெரியவர் ஒருவர் மட்டும் மெதுவாக, “மெட்ராஸ்ல கீழ்ப்பாக்கத்துல காட்டிப் பாக்கலாமே” என்றார். அண்ணனின் அம்மா தெருவே அதிரக் கத்தினார். “எம் புள்ளையப் பைத்தியம்ங்கறியா? பின்னால ஒருத்தி நிக்கிறா, அவளை எவன் கேட்டு வருவான்?” மனநல மருத்துவமனை இருந்ததால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே அன்று வசவுச் சொல். பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை அண்ணன் இல்லை. எப்படி என்று எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தேவையில்லாத விவரம்.

“அவருக்குத் தீராத வயித்து வலிடா. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லணும்,” என்றார் என் அம்மா.

அன்றைய செய்தித்தாளைப் புரட்டியவர்களுக்கு அந்தச் சொற்றொடர் நினைவிருக்கும். ‘தீராத வயிற்றுவலியால்’ என்று மாவட்டச் செய்திகளில் வாராவாரம் யாராவது இறந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெரு பொய் சொல்லப் பயம்தான் காரணம்: ஊர்ப்பேச்சுக்குப் பயம், போலீசுக்குப் பயம். இறந்தவரைச் சட்டம் தொடாவிட்டாலும் பிழைத்தவரை விடாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவுப்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. சாகத் துணிந்து தப்பித்தவரை மருத்துவரிடம் அழைத்துப்போவதற்கு முன் போலீசை நினைக்க வேண்டியிருந்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது; 1996இல் செல்லும் என்றது.

பெரியவனான பிறகு தெரியவந்த ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது. அண்ணன் போவதற்கு முந்தின வருடம், 1986இல், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகாவைத் தொடங்கியிருந்தார். வாழப் பிடிக்காதவர்கள் சொல்வதை, குறுக்கே பேசாமல், புத்திமதி சொல்லாமல் கேட்பதற்கென்றே தன்னார்வலர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரைநாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கள் தெருவில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. கேள்விப்பட்டிருந்தாலும், தெருவில் ஒரு போன்கூட இல்லை.

இன்று தெருவில் போன் இல்லாத ஆள் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309 இல்லை. பிளஸ் டூவில் தவறிய பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகாமல் உடனே துணைத் தேர்வு வைக்கிறார்கள். அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சினேகாவும் உண்டு. அந்த ஒரு ஏற்பாடு எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கும் என்று தேர்வு முடிவு வரும் நாளிலெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சாகும் எண்ணம் அலைபோல எழுந்து அடங்குவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதிருந்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் பெட்டகங்களை சினேகா அமைத்துப் பார்த்தது, சாவுகள் குறைந்தன. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த இலங்கையில் 1995க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியானது. விதி என்று எங்கள் தெரு சொன்னதை ஒரு பூட்டும் ஒரு அரசாணையும் மாற்ற முடிந்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும் 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10ஆம் தேதி ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். போகட்டும், வேண்டியதுதான். ஆனால் தறி வீட்டுக்குள்ளும் ஷிப்ட் முடித்து வருபவன் படுக்கும் அறைக்குள்ளும் அந்தப் பதாகை வருவதில்லை. பத்திரிகைகளும் இறந்தவர் என்ன செய்தார் என்பதை வரிவரியாக எழுதிவிட்டு, உதவி எண்ணைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுகின்றன. எண் மேலே வரட்டும். அந்த விவரத்தை எடுத்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். போன வருடம் அப்படிப் போகும் பையன் ஒருவன், உறவில் எனக்கு மகன் முறை, திண்ணையில் வந்து உட்கார்ந்தான். இரண்டு மாதமாக அவன் சரியில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதனால் நேராகவே கேட்டேன்.

“செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?”

ரொம்ப நேரம் கழித்து, “ஆமா சித்தப்பா” என்றான். பிறகு அழுதான். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இருவரும் போனோம். மாத்திரையும் ஆலோசனையும் தொடர்கின்றன. இப்போது தூங்குகிறான், வேலைக்கும் போகிறான்.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று தெருவில் யாரோ அவன் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். “வயித்து வலி” என்றாராம்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சொல் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவன் உயிரோடு இருக்கிறான். உங்களைத்தான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பக்கத்து வீட்டில் யாராவது தூக்கமில்லாமல், பேச்சில்லாமல் இருந்தால், எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், அது சேலையைப் பற்றிய கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், நேராகக் கேளுங்கள், தனியே விட்டுப் போகாதீர்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் இன்றைக்கே கூப்பிடுங்கள்: 104, 14416, சினேகா 044-24640050.