ராத்திரிக்கு என்ன?

ஏலே பேராண்டி, போனைக் கீழ வையி. தாயி, நீயும் இப்படி வந்து உக்காரு. ஞாயித்துக்கிழமை, ரெண்டு பேரும் கையில சிக்கியிருக்கீக. அதான் சொல்லுதேன்.

தினமும் பொழுதடஞ்சு ஆபீஸ்லருந்து வாரீக. செருப்பைக் கழட்டினதும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து, "ராத்திரிக்கு என்ன?"ன்னு கேக்கீக. பெறகு ஆளுக்கொரு போனை எடுத்து ஒரு மணி நேரம் யோசிக்கீக. ஒம்பது மணிக்கு எவனோ ஒரு புள்ள முதுகுல பையை மாட்டிக்கிட்டு வந்து மணியடிக்கான். அதுக்குள்ள நம்ம புள்ள பிஸ்கட்டத் தின்னுட்டுத் தூங்கிருது.

கேட்டா, "ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம் பாட்டி, நேரமில்ல"ங்கீக. ஆமா ராசா, பாவம். எங்க கரிசக்காட்டுப் பொம்பளைக எல்லாம் ஊஞ்சல்ல ஆடிக்கிட்டு வெத்தலையில்லா போட்டுக்கிட்டிருந்தோம்! விடியமுன்ன களையெடுக்கப் போயி, இருட்டுனப்புறம் வந்துதான் அடுப்பு மூட்டுவோம். ஆனா ஒரு நாளும் "என்ன சமைக்க?"ன்னு திகைச்சு நின்னதில்ல. ராத்திரிக்குச் சுடச்சுடக் கம்மஞ்சோறு, வெஞ்சனத்துக்குக் கீரையோ பருப்போ. மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சா, காலையில மோரும் வெங்காயமும் போட்டுக் கஞ்சி. அடுப்பு ஒரு நேரம், வயிறு ரொம்புறது ரெண்டு நேரம். சமையல் உங்க நேரத்தத் திங்கல, யோசனைதான் திங்குது.

அந்தக் கம்பையும் சேத்துத்தான் 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டுன்னு ஐநா சபையே அறிவிச்சுது. நீங்களும் ஒரு பாக்கெட் வாங்கி, சாமிபடம் மாதிரி அலமாரியில வச்சிருக்கீக. தினம் தரிசனம் உண்டு, பிரிக்கத்தான் மனசு வரல.

இனிமே யோசனையெல்லாம் ஞாயித்துக்கிழமையோட சரி. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். நாலஞ்சு மணி நேரம் ஊறட்டும். ஆட்டி உப்புப் போட்டுக் கரைச்சு வெளிய வையி. சித்திரையில ஆறு மணி நேரத்துல பொங்கிரும், மார்கழியில பத்துப் பன்னெண்டு கேக்கும். பொங்குனதும் பிரிட்ஜ்ல ஏத்திரு. திங்கக்கிழமை இட்லி. செவ்வாய்க்கிழமை தோசை. வியாழக்கிழமை மாவு புளிச்சிருக்கும், வெங்காயம் மொளகாய் அரிஞ்சு போட்டுக் குழிப்பணியாரம். அரிசியில பாதியைக் குறைச்சு அந்தக் கம்பைப் போட்டாலும் தோசை நல்லாத்தான் வரும். அலமாரியும் காலியாகும்.

நடுவுல புதன்கிழமை கூட்டாஞ்சோறு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, கத்திரிக்கா, முருங்கைக்கீரை, அரைச்ச தேங்கா சீரகம், எல்லாம் ஒரே குக்கருக்குள்ள. புளித்தண்ணிய மட்டும் கடைசியில ஊத்தி ஒரு கொதி விடு. முதல்லயே ஊத்தினா பருப்பு வேகாம வெறைச்சுக்கிடும். குக்கருக்குள்ள ஆவி அமுங்கிச் சூடு 120 டிகிரி வரைக்கும் ஏறும்னு நீதான எனக்குப் பாடம் நடத்துன? அவ்வளவு படிச்சவனுக்கு, விசில் வாரதுக்குள்ள அப்பளம் பொரிக்கலாம்னு எந்த வாத்தியாரும் சொல்லலையோ?

வெள்ளிக்கிழமைக்குப் புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் மெதக்கக் காய்ச்சி இன்னைக்கே பாட்டில்ல ஊத்தி வச்சிரு. அன்னைக்குச் சோறு மட்டும் வடிச்சாப் போதும். சனிக்கிழமை கடையிலயே வாங்கு. நான் என்ன பரோட்டாவுக்கு விரோதியா? சால்னா மட்டும் கூட ஊத்தச் சொல்லு.

இதையெல்லாம் தாயி தலையில கட்டலாம்னுதான கண்ணைச் சிமிட்டுத? அது நடக்காது. காய் வெட்டுறது நீ. ராத்திரிப் போன்ல எவளோ மைசூர்பாகு கிண்டுறதக் கண்கொட்டாமப் பாக்கியே, அந்த நேரத்துல வெள்ளப்பூண்டு உரி. ஒரு வாரத்துக்கு உரிச்சு டப்பாவுல போட்டுரு. வேணும்னா அந்த மைசூர்பாகையும் பாத்துக்கிட்டே உரி, நான் வேண்டாங்கல.

கடைசியா ஒரு சூட்சுமம். புள்ளகிட்டப் போயி, "என்ன வேணும் கண்ணு?"ன்னு மொட்டையாக் கேக்காத. அது பீட்சாங்கும், நூடுல்ஸுங்கும், பெறகு அழுவும். "தோசையா, பணியாரமா?"ன்னு கேளு. ரெண்டும் ஒரே மாவுதான். ஆனா தானே முடிவு பண்ணுன பெருமையில அது தட்டைக் காலி பண்ணிரும். உங்க தாத்தாவ நான் கடைசிவரைக்கும் அப்படித்தான் ஓட்டுனேன். வீட்டுல தன் பேச்சுதான் செல்லுதுன்னு மீசைய முறுக்கிக்கிட்டே போய்ச் சேந்தாரு, புண்ணியவான்.

என்னல முழிக்க? அரிசியக் களைஞ்சு ஊறப்போடுதியா, உளுந்தக் களைஞ்சு ஊறப்போடுதியா? நீயே முடிவு பண்ணு ராசா.