இப்பெட்டி சூடுடைத்து

இப்பெட்டி சூடுடைத்து என்பது பக்கம். விசிறி இரைச்சல் உடைமையான் என்பது ஏது. யாதொன்று இரைகிறதோ அது சூடுடைத்து, மைத்துனன் வீட்டுப் பெட்டி போல என்பது எடுத்துக்காட்டு. கம்ப்யூட்டர் சூடாகிறது என்று முறையிட வரும் எவரும் தம்மை அறியாமலே இம்மூன்று உறுப்பையும் வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறார்கள். மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகித்துப் பல நூற்றாண்டு மல்லுக்கட்டிய தருக்க நூலாருக்கு இது மனநிறைவு தரும் செய்தி. ஆயினும் மேற்படி அனுமானம் செல்லாது. விசிறியின் இணைப்பை மதர்போர்டில் அதற்குரிய இடத்தில் செருகாமல் நேரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் கொடுத்தால் குளிர்ந்த பெட்டியும் முழுக்குரலில் இரையும். எங்குமே செருகாமல் மூடிவிட்டால் கொதிக்கும் பெட்டியும் மௌனம் காக்கும். ஆகவே இது ஏதுப்போலி.

இக்கட்டுரை மேசைக் கம்ப்யூட்டரின் ப்ராசஸர், அதன் தலைமேல் அமரும் கூலர், இரண்டுக்கும் இடைப்பட்ட மயிரிழை வெளி ஆகிய மூன்றை மட்டும் ஆராயும். லேப்டாப் சூடாவது பிறவிக் குணம். அது நூலின் எல்லைக்குப் புறம்பு.

வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள். பெட்டி சூடானவருக்கும் அந்தப் பாடு உண்டு. வஞ்சிக்குப் போக வேண்டியதில்லை; சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் போதும். முதற்கடையில் பேஸ்ட்வாதி இருப்பார்: “பேஸ்ட் காய்ஞ்சிருக்கும் சார், மாத்தினா சரியாயிடும்.” அடுத்த கடையில் கேபினெட்வாதி, காற்று போக வழியில்லாத பெட்டியே பாவமூலம் என்று சாதித்து, முன்பக்கம் வலை வைத்த புதுப் பெட்டியை எடுத்துக்காட்டாகவே மேசைமேல் தூக்கி வைப்பார். மூன்றாமவர் தண்ணீர்வாதி. காற்றால் குளிர்விப்பது அஞ்ஞானம், குழாயும் பம்பும் கொண்ட லிக்விட் கூலரே வீடுபேறு என்பது அவர் சித்தாந்தம். வீடு திரும்பினால் மைத்துனன் காத்திருப்பான். “வைரஸ்தான் அத்தான், ஃபார்மட் பண்ணிடலாம்.” அவன் வைரஸ்வாதி. கிரிப்டோ நாணயம் தோண்டும் களவு மென்பொருள் ப்ராசஸரை ஓய்வின்றி உழைக்கவைத்துச் சூடாக்குவது மெய்யாகவே நடப்பதுதான் என்பதால் அவனை முற்றாகத் தள்ளவும் முடியாது. மைத்துனன்மாரிடம் உள்ள பெரிய தொல்லையே இதுதான்.

இவர்கள் அனைவரும் கையாளும் அளவை ஒன்றுதான்: உரை. அதாவது, யாரோ சொன்னார்கள். சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை மூன்றையும் ஏற்பார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகளோ அளவை இரண்டே என்கிறார். காண்டலும் கருத்தும் அவருக்குப் போதும். வீடுபேற்று விவகாரத்தில் யார் சரி என்று தீர்ப்பது நம் வேலையல்ல. ப்ராசஸர் விவகாரத்தில் அடிகள் பக்கம் நிற்பதென்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில், இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? 1971இல் வந்த இன்டெல் 4004இல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன் தலையில் கூலரும் இல்லை, விசிறியும் இல்லை. 2022இல் வந்த கோர் ஐ9-13900கே முழுமூச்சில் 253 வாட் வரை இழுக்கும். அதன் சிலிக்கன் சில்லின் பரப்பு இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் சொச்சம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடோ 1,000 வாட்டை இருநூறு சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பரப்பிக்கொள்கிறது. சட்டையைப் பொசுக்கும் கருவியைவிட இருபது மடங்கு அடர்த்தியான சூட்டை வைத்துக்கொண்டுதான் நாம் சீட்டு ஆடுகிறோம். 2001இல் ஒரு பொறியாளர் மாநாட்டில் இன்டெலின் பாட் கெல்சிங்கர், இதே போக்கு நீடித்தால் சில்லின் சூட்டடர்த்தி சில ஆண்டுகளில் அணு உலையையும், பிறகு ராக்கெட்டின் வாய்க்குழலையும், அப்புறம் சூரியனின் மேற்பரப்பையும் எட்டும் என்று எச்சரித்தார். நிறுவனங்கள் வேகத்தை மட்டும் ஏற்றுவதை விட்டுவிட்டு ஒரே சில்லில் பல கோர்களை வைக்கத் திரும்பியதால் சூரியன் தப்பித்தது.

இனி மயிரிழை வெளி. ப்ராசஸரின் உலோக மூடியும் கூலரின் அடியும் கண்ணுக்குக் கண்ணாடிபோல் இருந்தாலும் நுண்ணோக்கியில் மேடுபள்ளம். மேடும் மேடும் முட்டும் இடங்களில் மட்டுமே உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, மிச்சமெல்லாம் காற்று. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்புக்கு ஏறத்தாழ 400 மதிப்பெண் என்றால் காற்றுக்கு 0.026. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். நல்ல பேஸ்ட்டின் மதிப்பெண் ஐந்திலிருந்து பத்துக்குள். காற்றோடு ஒப்பிட்டால் அது மகாத்மா, செம்போடு ஒப்பிட்டால் தறுதலை. எனவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு இருக்க வேண்டும், மேட்டைப் பிரிக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது.

இவ்விடத்தில் நான்கு சமயங்கள் பிறந்தன. நடுவில் ஒரு பட்டாணி அளவு வைப்பவர் பட்டாணியார். பெருக்கல் குறி இடுபவர் சிலுவையார். நீளக்கோடு இழுப்பவர் கோட்டார். பிளாஸ்டிக் அட்டையால் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கும் கவனத்தோடு தடவுபவர் பரப்புநர். பட்டாணி என்பது காய்ந்த பட்டாணியா, இரவு முழுதும் ஊறிய பட்டாணியா என்பதைப் பட்டாணிச் சமயத்தின் மூலவர்கள் தெளிவுபடுத்தாமல் போனதால் அந்தப் பிரிவுக்குள்ளேயே இரு கிளைகள் உண்டு. உண்மையில் கூலரின் அழுத்தம் எந்த வடிவத்தையும் நசுக்கிப் பரப்பிவிடும். அதிகமானால் ஓரத்தில் பிதுங்கி வழியும். மின்சாரம் கடத்தாத சாதாரணப் பேஸ்ட் என்றால் துடைத்துக்கொள்ளலாம். குறைந்தால்தான் ஆபத்து. ஆகவே ஊறிய பட்டாணிக் கிளையே கொள்ளத்தக்கது. திரவ உலோகம் என்னும் ஐந்தாம் சமயத்தார் மட்டும் விதிவிலக்கு. அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்னும், சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும். அவர்களோடு வாதம் வேண்டாம்.

நான்கு சமயத்தாருக்கும் பொதுவான பாவம் ஒன்று உண்டு. கூலரை வைத்துப் பார்த்து, கோணலாக இருக்கிறதென்று தூக்கி, அதே பேஸ்ட்டின்மேல் மறுபடி வைப்பது. இடையில் காற்றுக் குமிழி சிறைப்படும். தூக்கினால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பக்கமும் துடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். ஐந்து ரூபாய் பேஸ்ட்டை மிச்சம் பிடிக்கும் இந்தக் கஞ்சத்தனம் முப்பதாயிரம் ரூபாய் ப்ராசஸர் வாங்கியவர்களிடம்தான் மிகுதி என்பது ஆய்வாளரின் தனிப்பட்ட எரிச்சல்.

பொருத்துதல் என்ற படலத்தில் மிகுந்த துயரம் விளைவித்தது இன்டெல் தன் ப்ராசஸரோடு கூடவே கொடுத்த கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்கள். 2004இல் எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு வந்த வழக்கம் இது. ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு அம்புக்குறி. இயல்பறிவு உள்ள எவரும் அம்பு காட்டும் பக்கம்தான் திருகுவார்கள். ஆனால் அம்பு காட்டுவது கழற்றும் திசை. மாட்டும்போது காலை அம்புக்கு எதிர்த்திசையில் கடைசிவரை திருப்பி வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக, ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை அமுக்க வேண்டும். மதர்போர்டு வில்லாக வளையும். அச்சத்தில் கை தானே பின்வாங்கும். நான்கில் மூன்று ‘டக்’ என்றிருக்கும். நான்காவது கால் மாட்டியதுபோல் பாவனை செய்யும். போர்டைத் திருப்பி, நான்கு காலின் நுனியும் துளைவழியே வெளிவந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே காண்டல். ஒலி கேட்டது என்பது வெறும் கேள்வி.

திருகாணியுள்ள கூலருக்கு வேறு நெறி. ஒரு மூலையை இறுக்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வாய்பிளக்கும். நான்கையும் விரலால் தொட்டு நிறுத்திவிட்டு, குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

சாக்கெட் மாறும்போது துளையின் இடமும் மாறும். 2021இல் எல்ஜிஏ 1700 வந்தபோது துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆயிற்று; ப்ராசஸரின் உயரமும் சற்றே தாழ்ந்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழைய பிராக்கெட்டை வளைத்து மாட்டினால் கூலர் மேலே அமர்ந்திருக்கும், அழுத்தாது. ஏஎம்4 சாக்கெட்டில் தொல்லை கழற்றும்போது. பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்க, கூலரை நேரே இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து வந்து கால் ஊசிகள் மடங்கும். சற்று நேரம் பெட்டியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுப்பதே மரபு.

எடுத்த பக்கமே பொய்யாகும் இடமும் உண்டு. 95 டிகிரி என்று திரையில் கண்டு அலறுகிறார் ஒருவர். அவர் வைத்திருப்பது ரைசன் 7000 வரிசை என்றால் கடும் வேலையில் 95ஐத் தொட்டு அங்கேயே நிற்கும்படி ஏஎம்டி வடிவமைத்ததுதான் அது. இது பக்கப்போலி. 2001இல் ஒரு பரிசோதனையில் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸர்களின் கூலரைப் பிடுங்கியபோது பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது; அத்லான் புகைந்து மாண்டது. இப்போதுள்ளவை எல்லாமே எல்லை நெருங்கினால் தாமே மூச்சைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் மீறினால் அணைந்துவிடும். எடுத்துக்காட்டுப் போலியும் இங்கு மலிந்தது. ஜெர்மனியில் 21 டிகிரி அறையில் சோதித்தவர் 70 என்று சொன்னதை, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் இருப்பவர் தன் 87க்கு எதிராக நிறுத்தி மனம் நோகிறார். கூலர் அறையைக் குளிர்விக்கும் கருவி அல்ல. அறையின் சூட்டுக்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. கழித்துப் பார்த்தால் இருவருக்கும் அதே 49.

ஆக, எண் பேசாது. எண் ஏறும் விதம் பேசும். இதுவே கருதல். சாதாரண வேலை ஒன்றைத் தொடங்கியதும் ஓரிரு விநாடியில் 40இலிருந்து 100க்குத் தாவினால், சூடு கூலருக்குள் போகவே இல்லை. குற்றம் மயிரிழை வெளியில். பத்துப் பதினைந்து நிமிடம் படிப்படியாக ஏறினால் கூலர் சூட்டை வாங்கிக்கொண்டு கொட்ட இடமின்றித் தவிக்கிறது. குற்றம் தூசியிலோ, காற்றோட்டத்திலோ, தலைகீழாக மாட்டிய விசிறியிலோ.

இதை உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் நிறுவுவதற்குத் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக ஒரு சோதனை நடந்துவருகிறது. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேன் வைப்பது. விற்பன்னர்கள் இதை இகழ்கிறார்கள். ஆனால் மேலே கண்ட வாதியர் எவரும் செய்யாத ஒன்றை இது செய்கிறது: மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறது. கதவைத் திறந்ததும் பத்து டிகிரி இறங்கினால் கேபினெட்வாதி வென்றார், அவரிடமே போகலாம். ஒரு டிகிரிகூட இறங்காவிட்டால் கூலரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பேஸ்ட் சரியாகப் படிந்திருக்கும். பேஸ்ட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே, கம்பெனி ஒட்டி அனுப்பிய கண்ணாடித்தாளும் அப்படியே இருக்கும். பொருத்துமுன் இதை உரித்து எடுக்கவும் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். உரை அளவையைத் தள்ளிய அறவண அடிகள் இந்த ஒரு வரிக்கு மட்டும் விலக்கு அளித்திருப்பாரா என்பது தனி ஆய்வுக்குரியது.